மீசை முதலில் வந்தவன்

பத்தாவது லீவிலேயே எனக்கு மீசை வந்துவிட்டது.
அதனால் கடைக்குப் போகிற வேலை எனக்கு.
இருபத்தொரு வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்று
பலகை சொல்லும்.
பலகைக்குக் கீழே இருப்பவர்
சில்லறை இருக்கா என்பார்.

முதல் பாட்டில் மட்டும் நான் வாங்கியதில்லை.
கானாடுகாத்தானில் ஷூட்டிங் முடித்துப் போனவர்கள்
இரண்டாம் கட்டில் விட்டுப்போனது.
கல்யாண சீனுக்குக் கட்டிய பிளாஸ்டிக் மாலைகள்
இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன.
சாவி வைரவனிடம் இருந்தது.
அவன் அப்பாதான் அந்த வீட்டுக்குக் காவல்;
வீட்டுக்காரர்கள் சிங்கப்பூரிலிருந்து
படைப்புக்கு மட்டும் வருவார்கள்.
பாதி பாட்டில், மூன்று பேர்,
ரிச்சர்ட் கொண்டுவந்த தண்ணீர் பாக்கெட்.
கசப்பு என்று நான் துப்பினேன்.
வைரவன் துப்பவில்லை.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
தொகையீட்டுக் கணக்கை
பேனா மூடியைக் கடித்துக்கொண்டே முடிப்பான்.
லேபில் ப்யூரெட் முன்னால் நான் தடுமாறினால்
பின்னால் நின்று கிசுகிசுப்பான்:
"மெதுவா. இனிமே சொட்டுச் சொட்டா.
லேசா ரோஸ் நின்னா போதும்,
திருகை மூடிடு.
அதுக்கப்புறம் விழற ஒரு சொட்டு
மொத்தத்தையும் கெடுத்துரும்."

சனிக்கிழமை மட்டும் என்றிருந்தது.
பிறகு சனி, ஞாயிறு.
பிறகு திங்கள் முதல் பீரியடில்
அவன் நெற்றி மேசையில் கிடந்தது,
சாக்பீஸ் துண்டு வந்து விழுந்தும் எழவில்லை.
ஏலக்காய் மென்று வருவான்.
வகுப்பே பாயசம் மாதிரி மணக்கும்.
நாங்கள் சிரிப்போம்.

"தங்கள் மகன் இன்று பள்ளிக்கு வரவில்லை" என்று
அவன் அம்மாவுக்குக் குறுஞ்செய்தி போகும்.
அம்மா புதுவயல் மில்லில்
நெல் காயவைத்துக்கொண்டிருப்பார்;
போன் இவன் பையில் இருக்கும்.
அழித்துவிட்டு
அதே போனில் பாட்டுப் போடுவான்.

காலாண்டில் எண்பத்தேழு.
அரையாண்டில் நாற்பத்தாறு.
திருப்புதல் தேர்வில் அவன் தாளைப் பார்த்தேன்:
41 என்று எண் போட்டு, அடிக்கோடு போட்டு,
கீழே ஒன்றுமில்லை.
42, அடிக்கோடு, ஒன்றுமில்லை.
எழுத்து மட்டும் பழைய அழகோடு இருந்தது.
"தெரியும்டா" என்றான்.
"கதவு வரைக்கும் வருது.
உள்ள வர மாட்டேங்குது."

என் மார்க் குறையவில்லை என்பதையும்
சொல்லிவிட வேண்டும்.
முப்பத்தெட்டு, முப்பத்தாறு, முப்பத்தேழு.
எனக்கு இறங்கப் படியே இல்லை.
ஒரே சீராகப் படிக்கிறவன் என்று
என் அப்பா பக்கத்து வீட்டில் சொன்னார்.

மாசியில் செய்முறைத் தேர்வு.
வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர்
வைரவன் பக்கத்திலேயே நின்றார்.
திருகைப் பிடித்த விரல்கள் தானாக ஆடின.
ரோஸ் வந்தது, நிற்கவில்லை,
ஊதாவாகி
குடுவை நாவற்பழச் சாறாயிற்று.
இரண்டாம் முறையும் அப்படியே.
மூன்றாம் முறை
என் மேசையிலிருந்து
மூடுடா என்று நினைத்தேன்.
நினைத்தேன், அவ்வளவுதான்.

இப்போது துணைத்தேர்வு.
அவன் ஹால் டிக்கெட்டைக்
காரைக்குடியில் நான்தான் பிரிண்ட் எடுத்தேன்.
போட்டோ போன வருஷத்தது;
கண்கள் தெளிவாக இருக்கின்றன,
கீழுதட்டில் பேனா மை.

முந்தாநாள் மீசையை மழித்திருந்தேன்.
திரும்பும் வழியில்
கடைப் பக்கம் வண்டியை நிறுத்தினேன்,
ஏன் என்று தெரியாது.
கம்பிக்கு உள்ளே இருந்தவர்
முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.
"வழக்கமானதா?"

சட்டைப் பையில் அவன் காகிதம்
இரண்டாக மடிந்து கிடந்தது.
பின்னால் வரிசையில் நின்றவர்
"சீக்கிரம் சொல்லுப்பா" என்றார்.